கம்பெனி பேர் இல்லாத செட்டு

'கம்பெனி செட்டு' என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளில் என் அண்ணன் மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் ரேடியோக் கடை வைத்திருந்தான். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் அவனே செய்வான். என் கல்யாணச் சீருக்கென்று மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு டேப் செட் செய்தான். ஸ்பீக்கர் பெட்டிக்கு நல்ல பலகையாகத் தேடி அரூர் வரை அலைந்தான். அதில் பாட்டுப் போட்டால் பாடுகிறவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

மாதா கோயிலில் தாலி கட்டி முடிந்து, பந்தலில் சீர் சாமான்களைப் பரப்பினார்கள். என் வீட்டுக்காரரின் பெரியப்பா மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்தார். கட்டில், பீரோ, அண்டா என்று வந்தவர் டேப் செட்டில் நின்றார்.

"என்னங்க இது, கம்பெனி பேரே காணோம்? ஓ, வூட்டுலயே செஞ்சதுங்களா!"

பந்தலே சிரித்தது. அந்த மைக் செட்டும் என் அண்ணன் செய்ததுதான். அதன் பக்கத்தில்தான் அவன் உட்கார்ந்திருந்தான். சுவிட்சை அணைத்திருக்கலாம், பாவி! சத்தம் இரையாமல் திருகிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் எழுந்திருக்கப் போனேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு மாதம் ஓடியது. வருகிறவர் போகிறவரெல்லாம் "என்ன கம்பெனி?" என்று கேட்கிறார்களாம், என் வீட்டுக்காரருக்கு மானம் போகிறதாம். சரி, ஒரு கம்பெனி செட்டை வாங்கித் தொலையட்டும் என்று இருந்தேன். ஆனால் கடைக்கு யாரைக் கூட்டிப் போனார் தெரியுமா? என் அண்ணனை! "மச்சானுக்குத்தாங்க இதெல்லாம் தெரியும்" என்றாராம். அறிவு கெட்ட மனுஷன்! இவனும் கடையை மூடிவிட்டுத் தருமபுரிக்குப் போய், நாலு செட்டைப் போட்டுக் கேட்டு, இருப்பதிலேயே நல்லதாக எடுத்துக் கொடுத்திருக்கிறான். பஸ்ஸிலிருந்து இறக்கித் தோளில் சுமந்துகொண்டு வந்ததும் அவன்தான்.

கம்பெனி செட் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணன் பொறுக்கியது எப்படி மோசமாக இருக்கும்? அதை மேசையில் வைத்து ஒயரெல்லாம் மாட்டினான். பிறகு தன் செட்டைத் துணியில் சுற்ற ஆரம்பித்தான்.

"இது எதுக்கும்மா எடத்த அடைச்சிக்கிட்டு? நான் எடுத்துட்டுப் போறேன்."



"எடுண்ணா, எடு! அது இந்த வூட்டு வாசப்படியத் தாண்டுச்சுன்னா, பின்னாலயே நானும் வந்துருவேன்" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. அண்ணன் செட்டை மெதுவாகக் கீழே வைத்தான். எனக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தேன். அவனோ அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"புத்தியில்லாமப் பேசுறா மாப்ள, மனசுல வெச்சுக்காதீங்க. கம்பெனி செட்டு கம்பெனி செட்டுதாங்க."

பந்தலில் சிரித்தவர்களைக்கூட நான் மன்னித்துவிட்டேன். அந்தக் கும்பிடை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.