தோமஸைக் கண்டுபிடித்த எங்கள் அண்ணை

நூலகக் கணினியில் என் பெயரைப் பதிந்ததுமே, என் வீட்டில் தங்கியிருந்தும் நான் குடிசன மதிப்புப் படிவத்தில் எழுதாமல் விட்ட மச்சான் குடும்பம் முழுவதும் திரையில் வந்து நிற்கும் என்று நம்பினேன். அடுத்து கவுன்சில் ஆள் வாசலில் நிற்பார். வயது ஐம்பத்திரண்டு, புத்தி அவ்வளவுதான்.

அங்கே என்னை அனுப்பியவர் எங்கள் அண்ணை. பருத்தித்துறையில் பிறந்து, ஜேர்மனியில் கோப்பை கழுவி, லண்டன் செவன் கிங்சில் கடை நடத்தி எங்கள் நால்வரையும் ஆளாக்கியவர். ஓய்வுபெற்றபின், எசெக்ஸ் மாவட்டத்தின் பழைய குடிகளைக் குடிசன மதிப்பேடுகளில் தேடும் குழுவொன்றில் சேர்ந்தார். பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மையாருடைய தாத்தாவின் அண்ணன் தோமஸ் மோர்கன், இளவயதில் வீட்டைவிட்டுப் போனவர். அவர் என்ன ஆனார் என்று சாவதற்குள் அறிய வேண்டும் என்பார் அம்மையார். "நான் தேடித் தாறன்" என்று அண்ணை வாக்குக் கொடுத்துவிட்டார். மூன்று வருடம் தேடியும் தோமஸ் மோர்கன் எந்த ஏட்டிலும் இல்லை. அதற்குள் புற்றுநோய் அண்ணையையே படுக்கையில் தள்ளியது.

ஒருநாள் வார்டில் தாதி ஒருவர் அண்ணையை "மிஸ்டர் கந்தையா" என்று எங்கள் ஐயாவின் பெயரால் கூப்பிட்டார். அண்ணை சட்டென்று எழும்பி உட்கார்ந்தார்.

"டேய், தோமஸ் ஆக்கள் வேல்ஸ்காரர். அவையளும் முந்தி எங்களைப்போல தகப்பன்ர பேரைப் பின்னுக்குப் போடுறவை. தகப்பன் டேவிட். தோமஸ் டேவிட் எண்டு தேடிப் பார். ஓடு!"

"அண்ணை, என்ர படிவம்..."

"உன்ர படிவத்தை நூறு வருசத்துக்கு ஒருத்தரும் பாக்கேலாது. அதுவரைக்கும் உயிரோட இருக்கிற யோசனையோ?"

அப்படியும் வியர்த்து வழியத்தான் தட்டினேன். வந்தது: தோமஸ் டேவிட், கொல்லர். அதே பிறந்த ஊர், அதே வயது. அடுத்த வரியில், அதே வீட்டில்: க்வென் மோர்கன், தாய். நான் போட்ட சத்தத்துக்கு நூலகர் எழுந்து வந்தார். என்னைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று மேசையோடு ஒட்டிக்கொண்டேன். அவரோ பக்கத்தை அச்செடுத்துத் தந்தார்.

அண்ணை அதைத் தன் கையாலேயே, வார்டுக்கு வந்த அம்மையாரிடம் கொடுத்தார். அவர் சிரித்தார், அழுதார், அண்ணையின் நெற்றியில் முத்தமிட்டார்.

"பாத்தியே, படுத்துக்கிடந்து பிடிச்சிட்டன்!" என்றார் அண்ணை. வார்டே கைதட்டியது.

அண்ணையைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், ஈமக்கிரியையில் தோள்கொடுத்த உறவுகளுக்கும், முன்வரிசையில் வந்து அமர்ந்த மார்கரெட் அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தோமஸ் தொலைந்துபோகவில்லை. பிறந்த ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி, தாயைத் தன்னோடு வைத்துக்கொண்டு இரும்படித்திருக்கிறார். அதைக் கண்டுபிடித்த ஐந்தாம் நாள் அண்ணை காலமானார்.