ஐந்து மணி வரை மௌனம்

செய்தி வந்தபோது மாலை ஐந்து மணி தாண்டி ஐந்து நிமிடம். நாடுகளின் ஒன்றியத் தலைமையகத்துக் குரல் போனில் மூன்றே வார்த்தை சொன்னது: "ஆட்சேபம் வரல. நிறைவேறிடுச்சு."

அக்கா போனை வைத்தாள். ஒன்றியத்தில் உறுப்பான ஒரு சின்ன நாட்டின் பிரதிநிதி அலுவலகத்தில் இருபது வருடமாக டைப்பிஸ்ட். காவலாளியிலிருந்து கணக்கர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான்.

ஒன்றியத்தில் ஒரு நடைமுறை உண்டு. தீர்மானத்தை எல்லா நாடுகளுக்கும் அனுப்பிக் கெடு வைப்பார்கள். அதற்குள் யாரும் எழுத்தில் மறுக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம். ஐந்து மணியோடு கெடு முடிந்த இன்றைய தீர்மானத்தின்படி, துறைமுகங்களைப் பற்றி முடிவெடுக்க இனி ஒவ்வொரு நாட்டின் சம்மதமும் தேவையில்லை. மக்கள் தலையை எண்ணித்தான் வாக்கு. கப்பல்கள் பெரிய நாடுகளுக்குப் போய்விடும். அக்காவின் தம்பி ஊர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.

அவள் வேலைக்கு வந்த புதிதில் இந்த வரவேற்பறையில் உட்கார இடம் கிடைக்காது. பெரிய நாட்டு அதிகாரிகள் கால் கடுக்க நிற்பார்கள். இங்கே ஒருவர் "மாட்டோம்" என்றால் அங்கே மொத்த ஒன்றியமும் நின்றுபோகும். பிறகு வந்த பிரதிநிதிகள் அந்த "மாட்டோம்" என்பதைத் துண்டு துண்டாக விற்றுத் தின்றார்கள். ஒருவருக்குக் குழுத் தலைவர் பதவி, இன்னொருவரின் மருமகனுக்கு வேலை. இப்போது அந்த நாற்காலிகளில் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருக்கின்றன.

மறுப்புக் கடிதத்தை மதியமே அடித்து வைத்திருந்தாள். இப்போதைய பிரதிநிதி ஐயா போனில் "சரி" என்றால் முத்திரை குத்தி அனுப்பிவிடலாம். கடைசி அரை மணி நேரமும் விடாமல் அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. அவர் சொல்லாமல் குத்தினால் அது கள்ளக் கடிதம். முத்திரையைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

ஐயாவின் டிரைவர் முதலில் படியேறி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா கார்லதான் இருந்தாரு அக்கா. நீங்க போன் அடிக்க அடிக்க, பாட்டுச் சத்தத்தை ஏத்துய்யான்னாரு."

பின்னாலேயே ஐயா, கையில் இனிப்புப் பெட்டியோடு.

"எடுத்துக்கம்மா. துறைமுக ஆணையத்துல எனக்குத் துணைத் தலைவர் பதவி. நம்ம நாட்டுக்கே பெருமை."

"கடிதம் ரெடியா இருந்துச்சு சார்."

"பேசாம இருக்கறதும் ராஜதந்திரம்தாம்மா."

"ஆமா சார். அதுல பிணத்தை மிஞ்ச ஆளே கிடையாது."

டிரைவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐயா காதில் விழாதவர்போல் பெட்டியை இன்னும் நீட்டினார். மரியாதைக்கு ஒன்றை வாயில் போட்டாள். கழிவறைக்குப் போய்த் துப்பி வாயைக் கொப்பளித்தாள். தித்திப்பு போகவில்லை. இன்னொரு தடவை கொப்பளித்தாள்.

தம்பி அழைத்தான்.

"என்னக்கா, நாம எதிர்த்தோம்ல?"

"இல்லடா."

"ஏன்? யாரு தடுத்தா?"

"யாரும் தடுக்கல. ஒருத்தன் பாட்டு கேட்டுட்டு இருந்தான்."

"சரிக்கா, சாப்பிடு" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

கிளம்பும் முன் மேசையைத் துடைத்தாள், கணினியை அணைத்தாள். முத்திரைக்காகத் திறந்து வைத்திருந்த மைப்பெட்டியை மட்டும் மூடவில்லை. இனி அது காய்ந்தால் என்ன.