துணியில்லாமல் ஓடிய மெஷின்கள்

உள்ளறையில் கடகடத்துக்கொண்டிருந்த ஏழு தையல் மெஷின்களும் சட்டென்று நின்றன. அந்த அமைதியில் ஒரு பெண்குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"அக்கா! கல்யாணம் ஆனதும் குழந்தை எப்போன்னு யாரு முடிவு பண்றது? நானா, அவங்க வீட்டாளுங்களா?"

முன்னறை அலமாரியில் கருப்பையின் படத்தைத் தேடிக்கொண்டிருந்த ஊசியக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். போச்சு!

அந்தத் தையல் பயிற்சி நிலையத்துக்குப் பக்கத்தில் ஆண்களுக்கு முடிவெட்டும் கடை. நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் நூல் ஆடும். அதற்காகவே பெண்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒருத்தி கேள்வி கேட்கும்போது மற்ற ஏழு பேரும் மெஷினை மிதித்துத் தள்ளவேண்டும். இன்றைக்குக் கேள்வி அப்படிப்பட்டது. பதிலைக் கேட்கிற ஆசையில் ஏழு பேரும் ஒன்றாகக் காலை எடுத்துவிட்டார்கள்.

ஊசியக்காவுக்கு அந்தப் பெயர் இரண்டு வேலைகளிலும் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வருஷம் பிரசவ ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவள். பொம்மை கொடுத்தால் விளையாடப் போகிற வயதில் பிள்ளை பெற வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து நெஞ்சு புண்ணாகி, அந்த வேலையை விட்டுத் தையல் சொல்லித்தர வந்தாள். இங்கேயும் விட்டதா? ரவிக்கைக்கு அளவெடுக்கக் குனிந்தபோது ஒரு பெண் காதோடு கேட்டாள், "அக்கா, மாசாமாசம் வயிறு இப்படி வலிச்சா அது வியாதியா?" அந்த ஒரு கேள்வியில் பிறந்ததுதான் புதன்கிழமை வகுப்பு. ஒரு மணி நேரம் தையல் கிடையாது. உடம்பைப் பற்றிப் பேச்சு, வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பற்றிப் பேச்சு.

படம் கையில் கிடைப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது.

பேன்ட் மாஸ்டர் நின்றிருந்தார். அந்தத் தெருவில் பேன்ட் வெட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. கேள்வி கேட்ட பெண்ணின் அப்பா. கழுத்தில் சவரக் கடைத் துண்டு, ஒரு கன்னம் மழமழவென்று, மறு கன்னத்தில் சோப்பு நுரை.

உள்ளே ஏழு மெஷின்களும் உயிர் போகிற வேகத்தில் ஓடத் தொடங்கின.

"நடிக்க வேணாம்னு சொல்லுங்க டீச்சர்! துணி வைக்காத மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா? எம்பொண்ணு குரலும் எனக்குத் தெரியும். தையல் கத்துக்க அனுப்பினா இதையா கத்துத் தர்றீங்க? கூப்பிடுங்க அவளை. இன்னியோட சரி!"

"கூப்பிடறேன் மாஸ்டர். நுரை கழுத்துல வழியுது, மொதல்ல தொடைச்சுக்குங்க."

அவர் துடைத்தார். கோபம் கொஞ்சம் நுரையோடு போயிற்று.

"அடுத்த மாசம் மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க. இந்தக் கேள்வி அவங்க காதுல விழுந்தா என்ன ஆகும்?"

"உங்க காதுல விழுந்ததே, உங்களுக்கு என்ன ஆச்சு?"

மாஸ்டர் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பலகைச் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது. கடை முழுக்கக் காதாக இருந்தது. அவர் குரல் இறங்கியது.

"மெஷினை நல்லா ஓட்டச் சொல்லுங்க. நானும் ஒண்ணு கேக்கணும்."

ஊசியக்கா உள்கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே சத்தம் இடியாக எழுந்தது.

"அவ அம்மா மூணாவது பிரசவத்துல போயிட்டா. வேணாம்னு அவளுக்குச் சொல்லத் தெரியல, அவளைக் கேக்கணும்னு எனக்குத் தெரியல." அவர் கண்கள் கலங்கின. "இவளுக்கும் அப்படி ஆயிடுமா டீச்சர்?"

எத்தனையோ ராத்திரிகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட அழுகையெல்லாம் ஊசியக்காவுக்கு நினைவு வந்தது. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஆயிடும்னு இல்ல மாஸ்டர். ஆனா உடம்பு முதிர்றதுக்கு முன்னாடி பிள்ளை பெத்தா ஆபத்து ஜாஸ்தி. அடுத்தடுத்துப் பெத்தாலும் அப்படித்தான். அவ அம்மாவுக்குக் கல்யாணம் எத்தனை வயசுல?"

"பதினாறு."

"இவளுக்கு இப்போ?"

"பதினேழு..." சொல்லிவிட்டு மாஸ்டர் துண்டின் நுனியை அளவெடுப்பவர் போல விரலால் நீவினார். "மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போ வேணாம்னு சொல்லிடறேன். எப்போ வரச் சொல்றது?"

"அதை என்னைக் கேட்டா எப்படி? அவளைத்தானே கேக்கணும்."

உள்கதவு திறந்தது. மகள் நின்றாள். ஏற்கெனவே பையைத் தோளில் மாட்டியிருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவளையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பா, சவரம் பாதிதான் ஆயிருக்கு."

"மீதிக்குத்தான் போறேன். பையைக் கீழ வை." மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "கேட்ட கேள்விக்குப் பதிலை முழுசா கேட்டுட்டு வா. ராத்திரி எனக்கும் சொல்லு. அந்தக் கல்யாணத்தைப் பத்தியும் பேசுவோம், நீ சொல்றதுதான்."

அவள் பை தானாகத் தரையில் நழுவியது.

வாசலில் நின்று அவர் திரும்பினார். தொழில்காரரின் கோபம் மட்டும் பாக்கியிருந்தது.

"வெறும் மெஷினை இப்படி மிதிச்சா துணியை நகர்த்துற பல்லு தேஞ்சு போகும். கடையிலேருந்து வெட்டுத்துணி ஒரு மூட்டை அனுப்பறேன், அதை வச்சு ஓட்டுங்க. அப்போதான் சத்தமும் சந்தேகம் வராத மாதிரி இருக்கும்."

பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். மகளை உள்ளே விட்டுவிட்டு, கதவைத் தம் கையாலேயே இழுத்து, தாழ் விழுகிற வரை அழுத்திச் சாத்தினார்.