மீனை விடாதவர்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவோரக் கால்வாயைச் சுத்தம் செய்யும் மாநகராட்சித் தொழிலாளி அவர். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், நீரில் ஊறி வெளுத்த விரல்கள். வேலை முடிந்ததும் எவர்சில்வர் தூக்குவாளியில் மத்தி வாங்கிப்போவார். மீன்காரர் நீட்டும் பிளாஸ்டிக் பையைத் தொடவே மாட்டார்.

ஒருநாள் அவரிடம், “மீனுக்குள்ள பிளாஸ்டிக் துகள் இருக்காம் அண்ணே. நாங்க மூணு மாசமா மீனே வாங்குறதில்ல” என்றேன்.

“தெரியும் சாரே. என் மோள் வாசிச்சுச் சொன்னா. குடலை எடுத்தாலும் முழுசும் போகாதாம். எனக்கும் பயம் உண்டு. ஆனா நான் எதுக்கு மீனை விடணும்? குப்பையை எறியறவன் எறியறதை விடட்டும்! நாம மீனை விட்டா, கடலு குப்பைக்கே சொந்தமாயிடும்.”

அப்போது கால்வாயில் உப்பிய குப்பைப் பை ஒன்று, கடலோடு சேரும் காயலை நோக்கி மிதந்து போனது. அவருடைய வேலை நேரம் முடிந்திருந்தது. ஆனாலும், “இதைப் பிடிங்க” என்று வாளியை என்னிடம் தந்துவிட்டு, இடுப்பளவு நீரில் இறங்கினார். எட்டிப் பிடித்ததும் பை கிழிந்தது. சிதறியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

அவருடையது துணிச்சலா, வெறும் பிடிவாதமா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. மீனுக்குப் பயந்த நான், ஒருநாளும் அந்த நீரில் இறங்கியதில்லை.