மரிசெலின்ர ஊருக்கு ஒரேயொரு நேர்ஸ்

முதியோர் இல்லத்து வேலையிலை முதுகு முறியும் எண்டு சொல்லுவினம். முதுகு பிறகுதான், முதலிலை முறியிறது லீவு.

ஜேர்மனியிலை, எசன் நகரத்திலை ஒரு இல்லத்தின்ர இரண்டாம் மாடியிலை கனகாலமாய் மாரடிக்கிறன். நீங்களும் இந்தத் தொழில் எண்டால் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. லீவு நாளிலை ஆற அமரக் கறி தாளிக்கேக்கை ரெலிபோன் அடிக்கும். "ஆள் காணாது, ஒருக்கா வரேலுமோ?" கோதாரி எண்டு அடுப்பை நூத்துப்போட்டு ஓடவேணும். என்னோடை சேர்ந்து ஓடுறவ மரிசெல். பிலிப்பீன்ஸ்காரி, படிச்ச நேர்ஸ். நான் மன்னார்க்காரி, வெறும் உதவியாள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாய் இருக்கிறது உடைஞ்ச ஜேர்மனும் மாதாவும்தான். அவவின்ர தாய் ஊரிலை பாரிசவாதத்திலை விழுந்து கிடக்கிறா. வருசத்து லீவிலை போய் வந்தவதான், அது காணாது. மூண்டு மாதம் சம்பளமில்லாத லீவு தந்தால் கிட்ட இருந்து பாக்கலாம். அந்த லீவுக்காக மனிசி பட்ட பாட்டைத்தான் சொல்லப்போறன்.

பறங்கிக் கப்டன்

ஊரைப் பற்றிக் கேட்டால் மரிசெல் நிப்பாட்டமாட்டா. நெல்வயல், தென்னை, நடுவிலை கோயில், கோயிலுக்கு முன்னாலை கூரை போட்ட கூடைப்பந்துத் திடல். அந்தத் திடலிலைதான் கலியாணம், கூட்டம், நெல் காயப்போடுறது, செத்தவீட்டுச் சாப்பாடு, எல்லாம். வெள்ளம் வந்தால் சனம் படுக்கிறதும் அதுக்குள்ளைதான். பந்து விளையாடுறது மட்டும் குறைவு. விளையாடுற வயசுப் பெடியள் எல்லாம் கப்பல் வேலையிலை.

அடிக்கொருதரம் "எங்கட பரங்காய்க் கப்டன்" எண்டுவா. நான் அதைப் பறங்கிக் கப்டன் எண்டு எடுத்து, இந்தக் காலத்திலையும் ஒரு வெள்ளைக்காரன் இந்தச் சனத்தை ஆளுறானே எண்டு உள்ளுக்குள்ளை கொதிச்சுக்கொண்டு திரிஞ்சன். ஒரு நாள் பொறுக்கேலாமல் கேட்டுப்போட்டன், "உங்கட பறங்கி என்ன, போர்த்துக்கீசனோ?" பிறகுதான் விளங்கிச்சுது. பரங்காய் எண்டால் அவையின்ர பாசையிலை கிராமப் பிரிவு. கப்டன் எண்டால் அதின்ர தலைவர். பன்றி களவு போனாலும் புருசன் பெண்சாதி அடிபட்டாலும் அவரிட்டைத்தான் ஓடுறது. ஆளும் வேறை ஆருமில்லை, மரிசெலின்ர பெரியப்பாவின்ர மகன். விழுந்து விழுந்து சிரிச்சுப்போட்டு மரிசெல் சொன்னா: "வெள்ளைக்காரன் எங்கட ஊரை ஆள வரேல்லை அக்கா. நாங்கள்தான் அவனைக் குளிக்க வாக்க வந்திருக்கிறம்."

பிட்டே, போ

அவையின்ர பாசையிலை மூத்தவையோடை கதைச்சால் வசனத்தின்ர கடைசியிலை ஒரு "போ" வரவேணும். மரியாதைக்கு. நாங்கள் வாங்கோ, இருங்கோ எண்டு "கோ" போடுறேல்லையோ, அது மாதிரி. மரிசெல் ஜேர்மன் கதைக்கேக்கையும் கிழடுகளைக் கண்டால் வாய் தானாய் "போ" போட்டுவிடும். ஜேர்மன்காரருக்கு அது காதிலையே ஏறாது.

அப்பதான் எங்கட மாடிக்கு வந்துசேர்ந்தார் கந்தையா அண்ணை. யாழ்ப்பாணத்து மனிசன், மறதி நோய். படிச்ச ஜேர்மன் எல்லாம் கழண்டு தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. மரிசெல் காலமை வணக்கம் சொல்லி "போ" எண்டிருக்கிறா. சாப்பாட்டைக் குடுத்துப் "போ", குளிசையைக் குடுத்துப் "போ". நான் லீவு முடிஞ்சு போறன், மனிசன் கோட்டைப் போட்டு, தலையணை உறைக்குள்ளை உடுப்பை அடைஞ்சுகொண்டு லிஃப்ட் வாசலிலை நிக்கிறார். மரிசெல் அவரின்ர கையைப் பிடிச்சு, போகவேண்டாம் எண்டு ஜேர்மனிலை கெஞ்சுறா: "பிட்டே, போ! பிட்டே, போ!" தயவுசெய்து எண்டதுக்குத்தான் பிட்டே. மிச்சத்தை நீங்களே சேர்த்துப் பாருங்கோ.

என்ர மாதாவே! ஓடிப்போய், "அண்ணை, அவ உங்களைக் கலைக்கேல்லை, மரியாதைக்குச் சொல்லுறா" எண்டன். மனிசன் நம்பேல்லை. எத்தினை இடத்திலை, எத்தினை பேர் இந்த மனிசனைப் போ எண்டு கலைச்சவங்களோ. அவர் ஒரு கோவமும் இல்லாமல் சொன்னார்: "போறன் பிள்ளை, நான் சண்டை பிடிக்கேல்லை. எங்கை போறது எண்டு மட்டும் கேட்டுச் சொல்லு."

பதில் ஆள்

மரிசெலின்ர ஊரிலை ஒரு சின்னச் சுகாதார நிலையம் இருக்கு. டொக்டர் எப்பவாவது தலையைக் காட்டுவார். நேர்சுக்குப் படிச்ச பெட்டையள் வீட்டுக்கு ஒண்டு, ஆனால் ஒண்டு சவுதியிலை, ஒண்டு லண்டனிலை, ஒண்டு எங்கட மாடியிலை. ஊரிலை மிஞ்சினது ஜோய் எண்ட ஒரு பிள்ளை மட்டும். வேலை முடிய மோட்டச்சைக்கிளிலை வந்து, மரிசெலின்ர தாயைப் பிரட்டிப் படுக்கவைச்சு முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டுறவ அவதான். மரிசெல் ரெலிபோனிலை அந்தப் புண்ணைப் பாத்துக்கொண்டிருப்பா. ஆரின்ரையோ தாய்மாருக்கு ஒரு புண் வரவிடாமல் பிரட்டுற கை, ரெலிபோனை மட்டும் பிடிச்சுக்கொண்டிருக்கும்.

லீவு கேக்க மரிசெல் எங்கட பொறுப்பாளர் மனிசியிட்டைப் போனா, துணைக்கு நானும் போனன். மனிசி கூடாத ஆளில்லை, கண்ணும் கலங்கினது. ஆனால் இரண்டாம் மாடியிலை இரவு வேலைக்கு நிக்கிற படிச்ச நேர்சுமார் விரல் விட்டு எண்ணுற அளவுதான். அவ என்ன சொன்னவ தெரியுமோ? "உங்களுக்குப் பதில் ஆள் வந்தால் அடுத்த நாளே விடுறன். உங்கட ஊரிலை நல்ல நேர்ஸ் ஒருத்தரும் இல்லையோ?"

வந்து சேந்தவ

மரிசெல் அந்தக் கதையை ஜோயிட்டை மூச்சும் விடேல்லை. விடுவாவோ? வேறை ஊர்ப் பெட்டையளைத் தேடினா, ஒண்டும் சரிவரேல்லை. ஆனால் தாயிட்டை ஒரு நாள் ரெலிபோனிலை மனம் பொறுக்காமல், "பதில் ஆள் வந்தால்தான் விடுவினமாம்" எண்டு சொல்லி அழுதிருக்கிறா. அப்ப பக்கத்திலை இருந்து புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தது ஆர்? ஜோய்தான்.

ஒரு வருசத்துக்கு மேலை அந்தப் பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லாமல் ஜேர்மன் படிச்சு, எங்கட இல்லத்துக்கே எழுதியும் போட்டிருக்கு. பொறுப்பாளர் மனிசி ஒரு நாள் சந்தோசத்திலை படத்தைக் காட்டி, "பாருங்கோ, உங்கட ஊர்ப் பிள்ளை வருது!" எண்டா. மரிசெலுக்கு முகம் செத்துப்போச்சு. அதுக்குள்ளை விசாவும் வந்திட்டுது, மறிக்க ஏலாது.

ஜோய் வந்தா. மரிசெல் லீவுக்கு எழுதிக் குடுத்தா. அதே கிழமை எங்களோடை நிண்ட போலந்துக்கார நேர்ஸ் வேலையை விட்டுப்போட்டா. ஜோயை அவவின்ர இடத்திலை போட்டாச்சு, மரிசெலின்ர லீவு தள்ளிப்போச்சு. எப்ப எண்டு கேட்டால், பாப்பம் எண்டு பதில்.

உடுப்பு மாத்துற அறையிலை மரிசெல் அந்தப் பிள்ளையின்ர தோளைப் பிடிச்சு உலுக்கினா. "இப்ப அம்மாவை ஆர் பிரட்டிப் படுக்கவைக்கினம்? சொல்லு, ஆர்?" கப்டனின்ர பெண்சாதி வந்துபோறாவாம், எப்பிடிப் பிரட்டுறது எண்டு ஜோய் அவவுக்கு ஒருக்காக் காட்டிப்போட்டுத்தான் விமானம் ஏறினவவாம். ஒருக்காக் காட்டினால் காணுமோ? மரிசெல் வாங்கிலை குந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. நானும் அழுதன், எனக்கென்ன வெக்கம். ஜோய் தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னா: "நானாய் வரேல்லை அக்கா. உங்கட அம்மாதான் அனுப்பினவ. 'நீ போனால்தான் என்ர பிள்ளை வருவாள், கெதியாய்ப் போ' எண்டவ."

பிரட்டிப் படுக்கவைக்கத் தெரிஞ்ச மூண்டு பேர் நாங்கள் எசனிலை நிக்கிறம், பிரட்டிவிடத் தெரிஞ்ச ஆளில்லாத மனிசி ஊரிலை வாசலைப் பாத்துக்கொண்டு கிடக்கிறா, இதுக்குப் பேர்தான் பராமரிப்புத் தொழிலாம்.