சக்கை பெண் பார்க்கப் போனது

மாலை நாலு பத்து. வெள்ளைக் காரின் பின்கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு சிறுவனின் கால். ஷூவின் குதிகாலில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் அக்காவும் பெரியப்பாவும் இறங்கினார்கள். அடுக்களை ஜன்னலில் நானும் பகவதியும் நின்றிருந்தோம். மற்றவர்கள் மாப்பிள்ளையின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஷூவைப் பார்த்தோம்.

"ஒண்ணாங்கிளாஸ்" என்றேன்.

"இல்லட்டி, ரெண்டு. நடையப் பாரு."

அது எங்களுக்கு முக்கியமான விஷயம். எங்கள் வாசகர்கள் அந்த வயதுக்காரர்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. பகவதி பக்கத்து வீட்டுக்காரி, என் வகுப்புதான். அவளுடைய அப்பா மயிலாடியில் சிலை செதுக்குபவர். கல்லில் உளி வைக்கும் முன் அவர் கோடு போடுவதைப் பார்த்துப் பார்த்து, அவளும் தாளில் முதலில் கட்டம் போட்டுத்தான் எதையும் வரைவாள். எனக்குப் படம் வராது. கையெழுத்து நன்றாக இருக்கும். ஆகவே படம் அவள், எழுத்து நான் என்று பிரித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் சிரிப்புப் படக்கதைப் புத்தகம் செய்துவந்தோம். எங்களோடு வசித்த சித்தி, அம்மாவின் தங்கை, பிழை திருத்துவாள். தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்தும் வந்து தருவாள்.

எங்களுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி விட்டதும் சர்ச் வாசலில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படங்களைக் காட்டுவோம். அவர்கள் சிரிக்காத பக்கத்தைக் கிழித்துவிடுவோம். சக்கை வடசேரி சந்தையில் வழி தவறும் கதைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. பலாப்பழத்துக்கு எங்கள் ஊரில் சக்கை என்று பெயர். கால் முளைத்த சக்கை ஒன்றுதான் எங்கள் கதாநாயகன். அந்தக் கதையில் ஒரே ஒரு படத்துக்கு மட்டும் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். சக்கை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழும்புகிறது. நாற்காலி அதன் பிசினில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கிழித்துப் போட்டோம். சக்கை வேறு எங்கே போய் உட்காரும் என்று யோசித்தபோது எங்கள் வீட்டு முன்னறைதான் ஞாபகம் வந்தது. அந்த வருடம் சித்தியைப் பெண் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வருவார்கள், உட்காருவார்கள், ஜெபம் செய்வார்கள், ஏத்தங்காய் சிப்ஸ் தின்பார்கள், எழும்பிப் போவார்கள். சக்கையையும் பெண் பார்க்க அனுப்பினோம்.

முதல் பக்கத்தில் சிப்ஸ் தட்டு ஒட்டியது. அடுத்ததில் நாற்காலி, அப்புறம் டிவி. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"பைக் ஒட்டட்டும்" என்றாள் பகவதி. "எங்க அக்கா கல்யாணத்துக்கு பைக் குடுத்தோம்லா. எனக்கு வரையத் தெரியும்."

சித்தி பிழை பார்க்க உட்கார்ந்தவள், பென்சிலைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். "பிரிட்ஜ விட்டுட்டிய மக்கா" என்றாள். பிரிட்ஜ் சேர்த்தோம். கட்டில் சேர்த்தோம். "வீட்டையே ஒட்டிரலாமா?" என்று அவள் கேட்டபோது பகவதி எழும்பி நின்றுவிட்டாள். அவ்வளவு நல்ல யோசனை அதுவரை எங்களுக்கு வந்ததில்லை.

கடைசிப் பக்கத்தை வரைய ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆனது. சக்கை முன்னால் நடக்கிறது. பின்னால் மொத்த வீடும் இழுபட்டு வருகிறது. மொட்டைமாடிக் கொடியில் துணிகள் பறக்கின்றன. முடித்த பிறகுதான் பகவதி கவனித்தாள், புத்தகத்தில் பெண்ணை எங்கேயும் வரையவில்லை.

"இருக்கட்டும். இனி எடமில்ல" என்றாள் சித்தி.

இந்தப் புத்தகத்தின் பிரதிதான் அன்று காரில் வந்த அந்தச் சிறுவன் கைக்குப் போனது. ஜெபம் முடிந்து, தேநீர் வந்து, அப்பாவும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் வாழை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய வாரமே கதவைச் சாத்திக்கொண்டு முக்கியமானதையெல்லாம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் விளைகளில் ஒன்றை, தென்னை நின்ற நல்ல துண்டு நிலத்தை, விற்பதற்கு ஆள் பார்த்தாகிவிட்டது. அன்று சித்தி சரி என்று தலையாட்டுவது மட்டுமே பாக்கி. சிறுவன் சலிப்பில் சோபாவை உதைத்துக்கொண்டிருந்தான். சித்தி உள்ளே போய், திரும்பி வந்து, புத்தகத்தை அவன் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுப் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பகவதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். எங்களைத் தெரியாத ஒருவன் எங்கள் புத்தகத்தைப் படிப்பது அதுவே முதல் தடவை.

புதிதாக வாசிக்கக் கற்ற பிள்ளைகளுக்கு வாய்க்குள் படிக்கத் தெரியாது. அவனும் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, அறை முழுக்கக் கேட்கும்படி படித்தான். "சக்கை பெண் பார்க்க வந்தது. தட்டு ஒட்டியது." சிரித்தான். "நாற்காலி ஒட்டியது." இன்னும் சத்தமாகச் சிரித்தான். அவனுடைய அம்மா, மாப்பிள்ளையின் அக்கா, அவளும் சிரித்தாள். "டிவி ஒட்டியது" என்றபோது வாழை விலை நின்றது. பைக் ஒட்டியபோது அவனைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. பிரிட்ஜையும் கட்டிலையும் அவன் தனியாகவே படித்து முடித்தான். அவனுடைய அம்மா புத்தகத்துக்குக் கை நீட்டினாள். அவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்துத் திரும்பினான்.

"மாமா, எழும்பிப் பாருங்க, சோபா ஒட்டியிருக்கா."

மாப்பிள்ளை நல்ல மனிதர்தான் போலும். சிரித்துக்கொண்டே பாதி எழும்பி, பின்பக்கம் திரும்பியும் பார்த்தார். பிறகு அவருடைய அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தவர் விரல் நகங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

பெரியப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஃபோன்ல சொல்லுதோம்" என்றார் அப்பாவிடம். ஷூ விளக்குகள் படியிறங்கிப் போயின. அவனுடைய அம்மா புத்தகத்தைப் பிடுங்கி டீப்பாயில் போட்டுவிட்டதால் சிறுவன் அழுதுகொண்டே காரில் ஏறினான்.

அப்பா கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். "யாருட்டி பிள்ளைட்ட இதக் குடுத்தது?"

நாங்கள் சித்தியைப் பார்த்தோம். அவள் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "நாந்தான் அத்தான். பிள்ள சும்மா இருந்துச்சு."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, புத்தகத்தை எடுத்து, நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்தோம். பிரிட்ஜ் பக்கத்தில் சிரிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். வீடு ஒட்டும் கடைசிப் பக்கமோ எங்களை ஒருநாளும் கைவிட்டதே இல்லை. அப்பா அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் விட அதிக நேரம் நின்றார். பிறகு புத்தகத்தை மூடி, அலமாரியின் மேல் வைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

"பெரியவங்களுக்கு இது புரியாதுட்டி" என்றாள் பகவதி. "நாம சின்னப் பிள்ளைகளுக்குத்தான எழுதுனோம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வரதட்சணை என்ற சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று எங்கள் பள்ளிச் சுவரிலேயே எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தைப் பார்த்துக் கையெழுத்துப் பழகியவள் நான். ஆனால் அது வேறு எங்கோ, கெட்ட மனிதர்கள் செய்வது என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதற்கும் அதுதான் பெயர் என்று தோன்றவில்லை. எங்களைப் பொறுத்தவரை பிசின் என்றால் பிசின். ஒட்டினால் சிரிப்பு வரும்.

ஃபோன் வரவில்லை. சித்தி வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள். கொஞ்ச நாள் அவளும் அப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. அவர் இருக்கும் அறைக்குள் போகுமுன் அவள் வாசலில் ஒரு கணம் தயங்குவாள். அம்மா ஒருநாள் அடுக்களையில் அவளிடம், "அவரு என்ன செய்வாரு? ஊரு அப்படி" என்றாள். சித்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "நான் அத்தான ஒண்ணும் சொல்லலியே" என்றாள். ஊர் எப்படி என்று நான் கேட்டேன். அம்மா என்னைத் தேங்காய் எடுத்து வரச் சொன்னாள்.

அடுத்த வருடம் சித்திக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வேறு ஒருவர், களியக்காவிளைக்காரர். அவர்கள் தரப்பில் எதுவுமே கேட்கவில்லை என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சர்ச் வாசலில் புதுக் கார் ஒன்று ரிப்பன் கட்டி நின்றது. மணமக்கள் வெளியே வருமுன் ஓட்டுநர் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். நானும் பகவதியும் பின்சீட்டில் ஏறி, பிரிக்காத பிளாஸ்டிக் உறையை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தோம். ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டோம்.

காரை வாங்கியது அப்பா. பதிவு மாப்பிள்ளையின் பெயரில் இருந்தது.