விண்ணப்பம்: தள்ளுபடி

மின்கட்டண அலுவலகத்தில் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பில்லில் அச்சாகும் ஒவ்வொரு வரியையும் எழுதுவது அவர் வேலை. கடைசி நாள், அபராதம், முந்தைய அளவு என்று வீட்டுக்கு வீடு போகும் அந்தச் சின்னக் காகிதத்தின் சொற்கள் எல்லாம் அவர் கையைத் தாண்டிப் போனவை. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் அச்சுக்கு விடமாட்டார். அரைப்புள்ளி பார்த்தாச்சா என்று கேட்ட பிறகுதான் மேலாளர் கையெழுத்தே போடுவார்.

ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோது அந்தத் திட்டம் வந்தது. குளிர் மாதங்களில் ஹீட்டர் போட வழியில்லாமல் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற வீடுகளுக்குக் குறைந்த விலையில் மின்சாரம். வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். வருமானத்தை எவன் உள்ளபடி சொல்லப்போகிறான் என்றார் இன்னொருவர். இப்படியே பல மாதம் ஓடியது. அரைப்புள்ளி ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அவர் வாயைத் திறந்தது இரண்டு தடவைதான். முதல் தடவை, வீட்டில் நோயாளி இருந்தால் யூனிட் வரம்பைக் கூட்டவேண்டும் என்றார். அத்தானை நினைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். அக்கா வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருஷமாகிறது. அறை சூடாக இருக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இரண்டாவது தடவை வாயைத் திறந்தது ஒரு சொல்லுக்காக. பில்லில் ‘சலுகை’ என்று போடலாம் என்றார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. சலுகை என்றால் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும், அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டால் கூசும். செருப்புக் கடையில் தள்ளுபடி என்று எழுதிப்போட்டால் வசதியானவனும்தான் முண்டியடிக்கிறான், அதில் யாருக்கு வெட்கம்? அதையே போடுவோம் என்றார். மேலாளர் சொக்கிப்போனார். “அரைப்புள்ளி இன்னிக்கு முற்றுப்புள்ளியே வெச்சிட்டாரு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

பில்லில் புது வரிக்கு இடம் இல்லை. விண்ணப்பம் என்று ஏற்கெனவே ஒரு கட்டம் இருந்தது. அதற்கு நேராக அந்தச் சொல்லைப் போட்டு அனுப்பினார். ஒற்றுப்பிழை இல்லை. புள்ளி சரியாக இருந்தது.

முதல் பில் போனது, இரண்டாவதும் போனது. விண்ணப்பித்துத் தள்ளுபடி பெற்ற வீடுகளில் மின்சாரச் செலவு கொஞ்சம் கூடும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். குறைந்திருந்தது. மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்லது செய்தால் ஜனங்கள் சிக்கனமும் கற்றுக்கொள்கிறார்கள் என்று மேலிடத்துக்கு ஓர் அறிக்கை தயார் செய்யச் சொன்னார். விலை குறைந்த பொருளை எவன் குறைத்து வாங்குவான் என்று அரைப்புள்ளிக்கு இடித்தது. ஆனாலும் எழுதிக் கொடுத்தார். வர வர, இடிப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க உடம்பில் தெம்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். நான்காவது மாடி. கதவைத் திறந்த அக்கா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். தெருவே தேவலை என்கிற மாதிரி உள்ளே குளிர். போர்வைக் குவியலுக்குள்ளிருந்து அத்தான் இருமினார். இருமி ஓய்ந்ததும், “வாங்க மச்சான். கோட்டைக் கழட்டிடாதீங்க, அப்புறம் வருத்தப்படுவீங்க” என்றார்.

அக்கா ஹீட்டர் சுவிட்சைத் தட்டினாள். வந்தவரைக் குளிரில் உட்காரவைக்க அவளுக்கு மனசு வராது. மற்ற நேரத்தில் ஏன் போடுவதில்லை என்று கேட்டார். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே அவர்தான், அது என்ன ஆயிற்று என்றும் கேட்டார்.

“அதைத்தான் தள்ளிட்டாங்களே. தம்பி கரண்டாபீஸ்ல இருக்கான்னு பெருமை பேசினதுதான் மிச்சம்” என்று பில்லை எடுத்து நீட்டினாள்.

விண்ணப்பம்: தள்ளுபடி.

தான் எழுதியதை, எழுதாதவன் கண்ணால் அப்போதுதான் அவர் முதல்முறையாகப் படித்தார். கோர்ட்டில் மனு தள்ளுபடி, மேல்முறையீடு தள்ளுபடி என்று தினமும் பேப்பரில் வருகிற அதே சொல். போதாக்குறைக்கு, திட்டம் தொடங்கிய மாதம்தான் யூனிட் விலையும் ஏறியிருந்தது. கழித்தது போக வந்த தொகை பழைய தொகைக்குப் பக்கத்திலேயே நின்றது. தொகையைப் பார்த்தாவது தெரிந்துகொள்ள வழியில்லை. கிடைக்கவில்லை என்று நினைத்து, ஏறிய விலைக்குப் பயந்து வீடு வீடாக ஹீட்டரை அணைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் அவர் சிக்கனம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அக்காவிடம் விளக்கிச் சொன்னார். இது விலையில் தள்ளுபடி, உனக்குக் கிடைத்துவிட்டது, தாராளமாகப் போடு என்றார். அவள் கேட்டுக்கொண்டாள், தலையாட்டவில்லை.

“நீ சொல்றே. காகிதம் அப்படிச் சொல்லலையே. வாய்ச்சொல் எந்த ஆபீஸ்லயும் செல்லாது, எழுத்துல இருக்கறதுதான் கணக்குன்னு இத்தனை வருஷமா நீதானே எனக்குப் பாடம் எடுத்தே?”

விடைபெற்று முதல் படியில் கால் வைத்ததுமே, உள்ளே சுவிட்ச் அணைகிற சத்தம் கேட்டது.

மறுநாள் மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என்னுடையது, எழுதியே தருகிறேன் என்றார். மேலாளர் கெட்டவர் இல்லை. முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். வீடுகளுக்கு அறிவிப்பு அனுப்பினால் மேலே போன அறிக்கையைத் திரும்பப் பெறவேண்டியிருக்கும். சொல்லை மாற்றலாம், ஆனால் கம்ப்யூட்டர்காரர்கள் இரண்டு பில் கழித்துத்தான் கை வைப்பார்கள். “அதுக்குள்ள குளிரே போயிடும் சார், விடுங்க” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அலுவலகம் விட்டதும் அரைப்புள்ளி அக்கா வீட்டுக்குப் போகத் தொடங்கினார். அவர் உட்கார்ந்திருக்கும்வரை ஹீட்டர் எரியும், அவ்வளவுதான் கணக்கு. பேப்பரை இரண்டு தடவை படிப்பார். அத்தானின் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். இடுப்பு கழன்றுவிடும்போல வலிக்கும், எழுந்திருக்க மாட்டார். உன்னை வீட்டில் தேடமாட்டார்களா என்று அக்கா சாடையாகக் கேட்பாள். அவர் காதில் வாங்கமாட்டார். “நீங்க இப்ப மனுஷன் இல்ல, உங்க அக்கா வீட்டு சுவிட்ச்” என்றாள் மனைவி. திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் வழியே வரிசை வரிசையாக வீடுகளைப் பார்த்துக்கொண்டு வருவார். அந்த வீடுகளுக்கெல்லாம் தினமும் எந்தத் தம்பி போய் உட்காருவான்? யோசனை அதற்கு மேல் போகாது. தூங்கிவிடுவார்.

ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுத் தையல்காரப் பெண். விரல் விறைத்துப்போய் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, இத்தனைக்கும் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள், மறுபடி போட வழி உண்டா என்று அக்காவின் தம்பியைக் கேட்டுப் போக வந்திருந்தாள். கையில் பில் இருந்தது. பில்லை நீட்டியபடியே, “உங்க ஆபீஸ்ல கல்நெஞ்சுக்காரங்களா இருப்பாங்கபோல” என்றாள்.

அரைப்புள்ளி தொண்டையைச் செருமினார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“யாரு கல்நெஞ்சு? அது விலையில தள்ளுபடிம்மா. துணிக்கடையில போடுவானே, அந்தத் தள்ளுபடி. உனக்கு எப்பவோ கிடைச்சாச்சு. உனக்குப் படிக்கத் தெரியலைன்னா அதுக்கு என் தம்பி என்ன பண்ணுவான்? எழுதினவனே இவன்தான்.”

தையல்காரப் பெண் விடுகிற ஆளில்லை. “அப்படின்னா நீங்க ஏங்க்கா இத்தனை நாளா துண்டும் ஸ்வெட்டருமா நடமாடுறீங்க?”

“யாரு நடமாடுறா? இங்க வா, கை வெச்சுப் பாரு.” அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஹீட்டருக்கு முன்னால் காட்டினாள். போகிற போக்கில் தலைத் துண்டையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். போர்வைக்குள் அத்தான் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்தப் பெண் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு, முகம் தெளிந்து கீழே இறங்கிப்போனாள். அரைப்புள்ளி பேப்பரை மடித்துவிட்டு எழுந்தார். அக்காவின் பார்வை சுவிட்சுக்குப் போனது, அங்கேயே சற்று நின்றது. கீழ் வீட்டில் அதற்குள் ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும். காலையில் அவள் மறுபடி வந்து நின்றாலும் நிற்பாள். அக்கா நாற்காலியை அத்தானின் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“போறப்ப கதவை இறுக்கிச் சாத்திட்டுப் போடா” என்றாள். “சூடெல்லாம் வெளியே போகுது.”